படம் யார் கண்ணுக்கு?

(நம் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வீட்டில் இயற்கைக் காட்சிப் படம் மாட்டுவது பற்றிப் பேசச் சொன்னார்கள். வாங்கும் முன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: அதை அதிக நேரம் பார்க்கப்போவது யார்?

1984-இல் ரோஜர் உல்ரிச் என்பவர் ஓர் ஆய்வை வெளியிட்டார். பித்தப்பை அறுவை சிகிச்சை முடிந்தவர்களில், ஜன்னல் வழியே மரங்களைப் பார்த்தவர்கள், செங்கல் சுவரைப் பார்த்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். படம் ஜன்னலுக்கு ஈடாகாதுதான். ஆனால், நம் படுக்கையறை ஜன்னல்கள் பலவற்றில் எதிர் பிளாக்கின் சுவர்தானே தெரிகிறது? அந்த அறையிலேயே பகலைக் கழிக்கும் பெரியவர்கள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். நாமோ நல்ல படத்தை ஹாலில், வருகிறவர்கள் பார்க்க மாட்டிவிடுகிறோம்.

முதல் படம் அவர்கள் அறைக்குப் போகட்டும். தலைமாட்டில் மாட்டினால் படுத்திருப்பவருக்குத் தெரியாது. கால்மாட்டுச் சுவரில் மாட்டுங்கள். அந்தத் தலையணையில் நீங்களே சாய்ந்து பார்த்து உயரத்தைக் குறியுங்கள். கண்ணாடி போட்ட படத்தில் ஜன்னல் வெளிச்சம் பளிச்சென்று அடிக்கும். கேன்வாஸ் அச்சில் அந்தத் தொல்லை குறைவு. என்ன காட்சி வேண்டும் என்று அவரிடமே கேளுங்கள். அவர் ஊர் ஆற்றங்கரையாகவும் இருக்கலாம்.

ஹாலில், நின்று பார்க்கும் இடமென்றால் படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து சுமார் 57 அங்குலத்தில் இருக்கட்டும். 6 அடி சோபாவுக்கு மேலே 4 அடி அகலப் படம் பொருந்தும். இடைவெளி 6 முதல் 8 அங்குலம் போதும்.

24-க்கு 36 அங்குலத்தில் அச்சிட, அங்குலத்துக்கு 150 புள்ளி என்று வைத்தாலும் 3600-க்கு 5400 பிக்சல் தேவை. வாட்ஸ்அப்பில் வந்த போட்டோவைப் பெரிதாக்கினால் மங்கிவிடும். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம், பதிப்புரிமை முடிந்த ஓவியங்களின் படக்கோப்புகளை 2017 முதல் இலவசமாகத் தருகிறது. ஹொகுசாயின் பேரலை ஓவியமும் அதில் உண்டு.

நேர் வெயில் படும் சுவரில் நிறம் வெளுக்கும். மழையில் ஓதம் ஏறும் சுவரையும் தவிர்த்துவிடுங்கள். சுவிட்ச்போர்டுக்கு நேர் மேலேயும், குளியலறைக் குழாய் ஓடும் சுவரிலும் துளை போடாதீர்கள். பக்கத்து வீட்டிலும் படுத்திருப்பவர் இருக்கலாம். மதிய நேரத்தில் டிரில் வேண்டாம்.

துளை போடும் முன், படத்தின் அளவுக்கு நாளிதழை வெட்டிச் சுவரில் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். கட்டிலில் இருப்பவர் "சரியா இருக்கு" என்ற பிறகு மாட்டுங்கள்.