காஞ்சியின் ஓட்டு எவர் வீட்டுச் சொத்தும் அல்ல

(நெசவாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



"இந்த ஊர் எங்கள் கட்சியின் கோட்டை" என்று தலைவர்கள் மேடையில் முழங்குவதைக் கேட்டிருப்பீர்கள். ஊர் கோட்டை என்றால், அதற்குள் இருக்கும் நாம் யார்? காவல்காரர்களா, கைதிகளா? காஞ்சிபுரத்தின் கதையைச் சொல்கிறேன். நீங்களே முடிவு செய்யுங்கள்.

காஞ்சி பட்டுத் தறியின் ஊர். சுற்றிலும் ஏரிப் பாசனக் கிராமங்கள். தறியில் உட்காருபவருக்கும் கூலி, நாற்று நடுபவருக்கும் கூலி. அரிசி விலை ஏறினால் இரண்டு வீட்டு அடுப்பும் ஒன்றாகத்தான் அணைகிறது.

1953இல் கைத்தறித் துணி தேங்கி, நெசவாளர் குடும்பங்கள் பட்டினி கிடந்தன. அப்போது அண்ணாதுரையும் அவருடைய கட்சியினரும் துணியைத் தோளில் சுமந்து தெருத் தெருவாக விற்றார்கள். அண்ணாதுரை காஞ்சியில் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர். 1957 தேர்தலில் காஞ்சி அவரைச் சட்டசபைக்கு அனுப்பியது. மாகாணம் முழுவதும் தி.மு.க.வுக்குக் கிடைத்தது 15 ஸ்தானம்.

ஐந்தே வருஷம் கழித்து நடந்ததைப் பாருங்கள். 1962இல் அந்தக் கட்சி 15இலிருந்து 50 ஸ்தானமாக வளர்ந்தது. ஆனால் அதன் தலைவரையே காஞ்சி தோற்கடித்தது! ஜெயித்தவர் காங்கிரஸ் அபேட்சகர் நடேச முதலியார். பஸ் தொழில் நடத்தியவர். பிறந்த ஊர் என்ற பாசம் எங்கே போயிற்று? காமராஜ் சர்க்கார் பள்ளிக்கூடம் திறந்தது, பகலுணவு போட்டது, கிராமங்களுக்கு மின்சாரம் கொண்டுவந்தது. அந்தப் 15 பேரையும் வீழ்த்தியே தீருவதென்று கங்கணம் கட்டி வேலையும் செய்தது. ஜனங்கள் எடைபோட்டுப் பார்த்து ஓட்டளித்தார்கள்.

அந்தக் காங்கிரஸையாவது நிரந்தரமாக வைத்துக்கொண்டார்களா? அதுவும் இல்லை. 1965இல் இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சி, துப்பாக்கிச் சூடு. மழை பொய்த்தது. 1966இல் ரூபாயின் மதிப்பைக் குறைத்தார்கள். அரிசிக் கடைமுன் வரிசை நீண்டது. 1967இல் காஞ்சி மறுபடி தி.மு.க. பக்கம் திரும்பியது. நாடே திரும்பியது: 1962இல் 139 ஸ்தானம் பெற்ற காங்கிரஸுக்கு 51தான் மிஞ்சியது.

பிறகும் ஓட்டு ஓய்ந்து நிற்கவில்லை. 1977இல் அ.தி.மு.க. 1989இல் தி.மு.க. 1991இல் அ.தி.மு.க. 1996இல் தி.மு.க. 2001இல் அ.தி.மு.க. 2006இல் தி.மு.க. அணியில் நின்ற பா.ம.க. 2011இல் அ.தி.மு.க. 2016இல் ராஜ்யம் அ.தி.மு.க.வையே மறுபடி தேர்ந்தெடுத்தபோது, காஞ்சி தி.மு.க.வுக்கு ஓட்டளித்தது.

"நிலையில்லாத ஜனங்கள்" என்று சிலர் ஏளனம் செய்வார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். கைத்தறி நெசவாளருக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவச மின்சாரம் 2006இல் வந்தது. 2016இல் அது 200 ஆயிற்று. 2023இல் 300 ஆயிற்று. கொடுத்த கட்சிகள் மாறி மாறி வந்தன. அளவு மட்டும் ஏறிக்கொண்டே வந்தது. ஏன்? இந்த ஓட்டு நகரும் என்று இரு கட்சிக்கும் தெரியும். நகராத ஓட்டை யார் மதிப்பார்கள்?

ஆனால் தோழர்களே, விளக்குக்கு மின்சாரம் வந்ததே தவிர, புடவைக்கு உரிய கூலி தானாக வந்துவிட்டதா? ஆட்சி மாறினால் எல்லாம் மாறிவிடும் என்று நம்புகிறவர்கள் தஞ்சைப் பக்கம் பாருங்கள். 1967இல் ஆட்சி மாறியது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களில் 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். அதற்குப் பிறகே, 1969இல், நியாயக் கூலிச் சட்டம் வந்தது. பெட்டியில் போட்ட சீட்டு மட்டும் அதைக் கொண்டுவரவில்லை. வயலில் நின்று கேட்டவர்களின் உயிர் அதற்கு விலையாயிற்று.

ஆகவே காஞ்சி சொல்லும் பாடம் இரண்டு. ஓட்டை எவருக்கும் பட்டா எழுதிக் கொடுக்காதே என்பது ஒன்று. ஓட்டுப் போட்ட மறுநாள் வீட்டுக்குள் முடங்கிவிடாதே என்பது மற்றொன்று.

ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் கேளுங்கள்: புடவைக்குக் கூலி எவ்வளவு? நடவுக்குக் கூலி எவ்வளவு? எந்தத் தேதிக்குள்? பதிலை எழுதி வையுங்கள். ஜெயித்த பிறகு அந்தக் காகிதத்தோடு கூட்டமாகப் போய் அவர் வாசலில் நில்லுங்கள்!