குழாயினுள் வளரும் கறள்

(சங்கக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



கொழும்பு மாநகருக்குக் குழாய் நீர் வந்தது 1886ஆம் ஆண்டளவில். லபுகமக் காட்டு நீர்த்தேக்கத்திலிருந்து வார்ப்பிரும்புக் குழாய் வழியாக மாளிகாகந்தைக்கு வந்து, அங்கிருந்து நகரெங்கும் பரவியது. பழங்குழாய்கள் பல நூறாண்டுக்கு மேலும் மண்ணுக்குள் உழைத்தன. ஆயினும் 2012ஆம் ஆண்டளவில், நகருக்கு விடப்பட்ட நீரில் ஏறக்குறையப் பாதி, கசிவாலும் பிற காரணங்களாலும் வருமானக் கணக்கில் சேரவில்லை. அதன்பின் பழங்குழாய்களை மாற்றும் பெரும்பணி நடந்தது.

அது நகரின் கதை. நமது வீட்டுக் கதை என்ன? கொட்டாஞ்சேனையில் நாம் குடியிருந்த மாடிவீட்டில், மேல்மாடிக்கு நீர் நூலாய் ஒழுகியது. நீர் அனுப்புவோரையே பல மாதங்கள் குறை கூறினோம். ஒருநாள் குழாய் வேலைக்காரர் ஓர் அங்குலக் குழாயை அறுத்துக் காட்டினார். உள்ளே சுற்றிலும் கறள் கட்டி, நடுவில் அரை அங்குல வழியே எஞ்சியிருந்தது. வழி பாதியானால் நீரும் பாதியாகும் என எண்ணாதீர்கள். அதே அழுத்தத்தில் ஏறக்குறைய ஆறிலொரு பங்கே வரும். கறளின் சொரசொரப்பு அதையும் குறைக்கும்.

இரும்பும் நீரும் பிராணவாயுவும் கூடினால் கறள் பிறக்கும். நாகப் பூச்சு தான் கரைந்து இரும்பைக் காக்கும். அது தீர்ந்ததும் இரும்பு கரையத் தொடங்கும். பித்தளையும் இரும்பும் சேரும் மூட்டில் அரிப்பு விரையும். வெள்ளவத்தையிலோ உப்புக் கடற்காற்று வெளிப்புறத்தையும் தின்னும்.

இதனை மதிப்பிடும் கணக்கு எளிது. 3 மில்லிமீற்றர் தடிப்பான குழாய்ச் சுவர் 20 ஆண்டில் 2 மில்லிமீற்றர் ஆயிற்றெனின், தேய்வு ஆண்டுக்கு 0.05 மில்லிமீற்றர். பாதுகாப்புக்கு 1.5 மில்லிமீற்றர் வேண்டுமாயின், எஞ்சிய ஆயுள் 10 ஆண்டு. குழாயை அறுக்காமலே ஒலியலைக் கருவியால் தடிப்பை அளக்கலாம். ஆனால் இச்சராசரியை முற்றும் நம்பலாகாது. கறள் சில இடங்களில் குழியாய் ஆழ இறங்கும். மரை வெட்டிய மூட்டிலோ சுவர் முன்னமே மெல்லியது. கசிவு பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும்.

கருவி இல்லாதோருக்கு ஒரு வாளியும் மணிக்கூடும் போதும். பத்து லீற்றர் வாளி நிறைய எத்தனை விநாடி செல்கிறதென்று, ஆண்டுதோறும் அதே பைப்பில், அதே வேளையில், தாங்கி நிறைந்திருக்கும்போது பார்த்து எழுதி வையுங்கள். கீழ்வீட்டு வேகம் மாறாமல் மேல்மாடியில் மட்டும் விநாடிகள் கூடினால், குறை தெருவில் இல்லை, நம் சுவருக்குள்ளே. காலையில் முதல்நீர் செம்மையாய் வருவதும் ஓர் எச்சரிக்கையே.

இளைஞர்களே, மேல்மாடிகளில் தனித்து வாழும் முதியோர் நம்மிடையே பலர். குழாய் வெடித்த நள்ளிரவில் அவர்கள் யாரை அழைப்பர்? இவ்வாண்டு அவர்கள் வீடுகளுக்கு வாளியோடு சென்று அளப்போம்; விநாடிக் கணக்கைக் கதவின் பின்புறம் எழுதி வருவோம். அடுத்த ஆண்டு அதே கதவைத் திறந்து பார்ப்போம்.