ஓடிபி சொன்னால் சம்மதமா?



ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டுப் போடும் இடம். "அம்மா, ஆதார் குடுங்க. போனுக்கு ஓடிபி வரும், சொல்லுங்க" என்கிறார் ஊழியர். பின்னால் வரிசை நெருக்குகிறது. வந்த எண்ணைச் சொல்லிவிட்டு டோக்கனோடு நகர்கிறோம். 'ஆபா' என்ற 14 இலக்கச் சுகாதார எண் பலருக்கு உருவாவது இப்படித்தான். இந்த எண்ணின் வழியே மருத்துவப் பதிவுகளை இணைக்கும் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கம் 2021 செப்டம்பரில் நாடு முழுமைக்கும் வந்தது. அந்த எண் இல்லை என்பதற்காகச் சிகிச்சையை மறுக்கக் கூடாது என்று 2020 டிசம்பரிலேயே அரசின் கொள்கை சொல்லிவிட்டது. சீட்டுப் போடும் இடத்தில் அதை யார் சொல்கிறார்கள்?

நோயாளிகள் எதையும் காட்ட மறுப்பவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். எக்ஸ்ரே, ஸ்கேன், பழைய மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் மஞ்சள் பையில் கொண்டுவந்து டாக்டர் மேசையில் பரப்புகிறவர்கள் நாம். அதே காகிதங்களை வேலை கொடுக்கிறவரோ சம்பந்தி வீட்டாரோ புரட்டினால் பதறிப்போவோம். மனநல மாத்திரையை அரிசி டப்பாவுக்குள் மறைத்து வைக்கிறவர்களும் உண்டு. அந்தப் பயத்தை அறியாமை என்று தள்ளுவது தவறு.

இங்கிலாந்தில் 'கேர் டாட் டேட்டா' என்றொரு திட்டம். குடும்ப மருத்துவர்களிடம் உள்ள பதிவுகளை ஒரே இடத்தில் திரட்டப் பார்த்தார்கள். விருப்பமில்லாதவர் தாமே சொல்லி விலக வேண்டும். வீடு வீடாகத் துண்டறிக்கை போயும் விஷயம் பலருக்கு எட்டவில்லை. எதிர்ப்பு வலுத்து 2014 பிப்ரவரியில் நிறுத்திவைத்தார்கள். 2016 ஜூலையில் திட்டத்தையே மூடினார்கள்.

நம் ஆபா ஏற்பாடு அதைவிடக் கவனமானது, மனதார வரவேற்கிறேன். பதிவுகள் அந்தந்த ஆஸ்பத்திரியிலும் லேபிலுமே இருக்கும். வேறொரு டாக்டர் பார்க்க வேண்டுமானால் உங்கள் போன் செயலிக்கு அனுமதி கேட்டு வரும். எதற்காக, எந்த வகை ஆவணம், எந்தக் காலத்துடையது, அனுமதி என்றைக்கு முடியும் என்று அதில் இருக்கும். ரத்தப் பரிசோதனை முடிவை மட்டும் காட்டலாம், டிஸ்சார்ஜ் சம்மரியை விட்டுவிடலாம். கொடுத்த அனுமதியைப் பிறகு திரும்பப் பெறவும் வழியுண்டு.

ஆனால் அந்தப் போன் யார் கையில் இருக்கிறது? எத்தனையோ வீடுகளில் மனைவியின் ஆதாரோடு சேர்ந்திருப்பது கணவரின் நம்பர்; பாட்டியின் ஆதாரில் பேரனின் நம்பர். கருக்கலைப்புக்கோ மனநலச் சிகிச்சைக்கோ போன ஒரு பெண்ணின் ஆவணத்துக்கு வீட்டுக்காரர் போனில் அனுமதி கேட்டு வந்தால், சம்மதம் சொல்வது யார்? எச்ஐவி தொற்று உள்ளவரின் நிலையை, சில விதிவிலக்குகள் தவிர, அவருடைய தெளிந்த சம்மதமின்றி வெளியிடக் கூடாது என்கிறது 2017ஆம் ஆண்டுச் சட்டம். அந்தக் காப்பு, கைமாறும் ஒரு போனில் கரைந்துபோகலாமா?

ஆதாரை வாங்கும் ஊழியர் முதலில் கேட்க வேண்டியது இது: "இது உங்க சொந்த நம்பர்தானாம்மா? இதுல வர்றதை வேற யாராவது பார்ப்பாங்களா?" அதையும் கூட வந்தவரைச் சற்றுத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுக் கேட்கட்டும். சொந்தமாகப் போன் இல்லாதவருக்கு, அவர் கேட்டால், காகிதத்திலேயே எழுதிக் கொடுத்தனுப்பட்டும்.