மிதியில் புகுந்த காற்று

(காரிமங்கலத்தில் ஓட்டுநர்களும் பட்டறைத் தொழிலாளர்களும் கூடிய அவையில் ஆற்றப்பெற்ற உரை)

  

இம்மண்ணை ஆண்ட அதியமானின் படைக்கலங்கள், தொண்டைமானுடையவை போல் அழகு செய்யப்பெற்று மனைக்குள் இருக்கவில்லை. பழுது நீங்கும்பொருட்டுக் கொல்லன் பட்டறையில் கிடந்தன. ஔவையார் இதனைப் பெருமையாகவே கூறினார் என்பது புறநானூறு காட்டும் செய்தி. உழைக்கும் கருவி பட்டறைக்கு வந்தே தீரும். உழைக்கும் வண்டிக்கும் அதுவே முறை.

காரிமங்கலத்தினின்று தேங்காயும் தக்காளியும் மாங்காயும் ஏற்றிச் செல்லும் பழைய சிறு சரக்குந்துகள், தெற்கே சேலம் செல்ல வேண்டுமாயின் தொப்பூர்க் கணவாயில் இறங்கியாக வேண்டும். 2020-ஆம் ஆண்டு திசம்பர் 12-ஆம் நாள் அவ்விறக்கத்தில் சரக்குந்து ஒன்று கட்டுப்பாடிழந்து, முன்னே தேங்கி நின்ற உந்துகள்மேல் வரிசையாக மோதியதில் நால்வர் மாண்டனர். அத்தகைய இறக்கத்தில் ஓட்டுநர்க்கு உயிர்த்துணை அவர் காலடியில் உள்ள தடுப்பு மிதியே.

மூடிய கலத்திலுள்ள நீர்மத்தின்மேல் ஓரிடத்தில் தரும் அழுத்தம் எப்பக்கமும் குறையாமல் பரவும். பிரஞ்சு அறிஞர் பாசுக்கல் விளக்கிய இவ்வுண்மை, அவர் மறைந்தபின் 1663-இல் நூலாக வெளிவந்தது. இன்றைய வண்டித் தடுப்பு இவ்வுண்மைமேல் நிற்கிறது. மிதியை அழுத்தினால் முதன்மை உருளையிலுள்ள நீர்மம் குழாய்வழி ஓடிச் சக்கர உருளைகளை உந்துகிறது. அவை தடுப்புக் கட்டைகளை விரித்துச் சக்கரத்தைப் பிடிக்கின்றன. நீர்மம் அமுங்காது, காற்றோ அமுங்கும். குழாயில் காற்று புகுந்தால், காலின் ஆற்றல் காற்றை அமுக்குவதிலேயே வீணாகும். மிதி பஞ்சுபோல் இறங்கும், வண்டி நில்லாது.

மிதி காட்டும் குறிகளை அறிதல் வேண்டும். பஞ்சுபோல் நெகிழ்ந்தால் காற்று புகுந்திருக்கிறது. முதல் மிதியில் தாழ இறங்கி, இரண்டாம் மிதியில் உயர்ந்து இறுகினால், கட்டைகள் தேய்ந்து இடைவெளி மிகுந்திருக்கலாம். அழுத்திப் பிடித்திருக்கும்போதே மெல்ல அமிழ்ந்தால், எங்கோ கசிகிறது. அல்லது முதன்மை உருளையின் இரப்பர் கெட்டது. பின்னிரண்டு நோய்க்கும் காற்றெடுத்தல் மருந்தாகாது.

காற்றெடுப்பது இருவர் பணி. வண்டியைச் சமநிலத்தில் நிறுத்திச் சக்கரங்களுக்கு அடைகல் இடுக. நீர்மத் தொட்டியின் மூடியைத் துடைத்துத் திறந்து, குறித்த அளவுவரை நிரப்புக. முதன்மை உருளைக்கு மிகத் தொலைவிலுள்ள சக்கரத்தில் தொடங்குவது பொது வழக்கு. வலப்பக்க ஓட்டுவண்டியில் அது பெரும்பாலும் பின் இடச்சக்கரம். பிறகு பின் வலம், முன் இடம், முன் வலம். வண்டி செய்தோர் வேறு வரிசை கூறியிருப்பின் அதனையே பின்பற்றுக.

காற்றுத் திருகில் ஒளி ஊடுருவும் குழலைச் செருகி, அதன் மறுமுனை சிறிது நீர்மமுள்ள குப்பியில் மூழ்கியிருக்கச் செய்க. மேலே இருப்பவர் மெல்லச் சிலமுறை மிதித்து, "பிடிச்சிருக்கேன் அண்ணா" என்று குரல் கொடுக்க, கீழே இருப்பவர் திருகைச் சிறிதே தளர்த்துவார். குமிழிகளோடு நீர்மம் வெளிவரும், மிதி தாழும். திருகை இறுக்கி, "விடுப்பா" என்ற பின்னரே கால் எடுக்க வேண்டும். முந்தி எடுத்தால் வெளிக்காற்று மீண்டும் உள்ளே புகும். குமிழி அறவே நிற்கும்வரை இவ்வாறு செய்க. இடையிடையே தொட்டியைப் பார்த்து நிரப்புக. அது வற்றினால் பட்டபாடு அனைத்தும் வீண். முடிவில் மிதி கல்போல் நிற்கவேண்டும். கசிவின்மை கண்டபின் சமநிலத்தில் மெல்ல ஓட்டிப் பார்த்தே சரக்கேற்றுக.

இனி ஒரு சொல்லால் விளையும் கேடு. பட்டறைகளில் இந்நீர்மத்தைப் 'பிரேக்கு ஆயில்' என்கின்றனர். 'ஆயில்' என்றால் எண்ணெய். எண்ணெய்தானே என்று, தொழில் பழகும் சிறுவன் பொறியெண்ணெயை ஊற்றிவிட்டால், உருளைகளிலுள்ள இரப்பர் ஊதிப் பருத்துத் தடுப்பே கெடும். நம் ஊர்தியில் உள்ளது எண்ணெயன்று. ஈரத்தை ஈர்க்கும் வேறொரு நீர்மம். 'டாட் 3' வகை புதிதாயின் குறைந்தது 205 வெப்பப் பாகையில்தான் கொதிக்கும். ஈரம் ஏறியபின் அவ்வெல்லை 140-க்கு இறங்கிவிடலாம். நெடிய இறக்கத்தில் தடுப்பு காய்ந்து நீர்மம் கொதித்தால், ஆவி தோன்றி மிதி நெகிழும். ஆகவேதான் இரண்டாண்டுக்கொருமுறை மாற்றுதல் நன்று. வெளிவந்ததைத் திரும்ப ஊற்றுதல் தீது. வண்டிக்குக் குறித்த வகையன்றி வேறு சேர்த்தல் கூடாது.

இவ்வெச்சரிக்கையெல்லாம் குப்பியின்மேல் உண்டு, பெரும்பாலும் ஆங்கிலத்தில்! அதனைக் கையாளும் சிறுவனோ தமிழ் மட்டுமே படித்தவன். எனவே பட்டறைதோறும் 'தடுப்பு நீர்மம். எண்ணெய் ஊற்றாதே' என்று தமிழில் எழுதி ஒட்டுங்கள். இதற்குப் பெரும்பொருள் வேண்டா. ஒரு தாளும் சிறிது பசையும் போதும். தாய்மொழிச் சொல் ஏட்டின் அழகுக்கு மட்டுமன்று. தொப்பூர் இறக்கத்தில் ஓர் உயிரைக் காப்பதற்கும் ஆம்.