கிராப்பும் களிம்பும்



உப்புப் பாத்தியில் வெயில் மேலேயிருந்தும் அடிக்கும், உப்பில் பட்டுக் கீழேயிருந்தும் அடிக்கும். அதில் கறுத்த சனங்களிடம் அழகைப் பற்றிப் பேச வந்திருக்கேன்.

1930 டிசம்பரில் இராமநாதபுரத்துச் சாதி இந்துக்கள் ஆதிதிராவிடர்மேல் எட்டுத் தடைகள் விதித்தார்கள். தங்கம், வெள்ளி கூடாது. சட்டை, செருப்பு, குடை கூடாது. கிராப்பு வெட்டக் கூடாது. பெண்கள் ரவிக்கை போடக் கூடாது, பூ வைக்கக் கூடாது. மீறியவர்களின் குடிசைகளை எரித்தார்கள்.

2012இல் நம்ம பசங்களின் ஜீன்ஸையும் கூலிங் கிளாஸையும் மேடை போட்டுக் குற்றம் சொன்னார்கள். 2013 ஏப்ரல் 25இல் இதே மரக்காணத்தில் நம் வீடுகள் எரிந்தன.

பார்த்தவுடனே சாதி தெரியணும், அதுதான் அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கைக் கெடுக்கத்தான் நம் தாத்தன் கிராப்பு வெட்டினான். அதை மினுக்கு என்று ஏசாதீங்க.

சிவப்பழகுக் களிம்பு வேற சங்கதி. 1975இல் வந்த ஃபேர் அண்ட் லவ்லி 2020இல் பேரிலிருந்து ‘ஃபேர்’ங்கிறதை எடுத்துட்டு ‘குளோ’ன்னு வச்சுக்கிச்சு. நம்மை ஒதுக்கியவன் கண்ணாலேயே நம் பிள்ளைகளைப் பார்க்கிற பழக்கம் இன்னும் நம்மகிட்ட இருக்கு.

பூ வைங்க, கூலிங் கிளாஸ் போடுங்க. பொண்ணு பார்க்கப் போகும்போது ‘கலர் கம்மி’ என்கிற பேச்சை மட்டும் நம் வீட்டைவிட்டுத் துரத்துங்க.