மரை கழண்ட கதை

(முன்னாள் மாணவர் சங்கக் கூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"ஜெர்மனியிலிருந்து வர்றே, பசங்களுக்கு உருப்படியா ஏதாவது சொல்லு" என்றார் நம் சங்கச் செயலாளர். வாழ்க்கையில் வெல்வது எப்படி என்றெல்லாம் பேச எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது காரின் சஸ்பென்ஷன். அதிலும் இன்று ஒரே ஒரு பாகத்தைப் பற்றித்தான் பேசப் போகிறேன். புதுப்பேட்டையில் போய் "லோயர் ஆர்ம்" என்று கேட்டால் எடுத்துப் போடுவார்களே, அந்தக் கன்ட்ரோல் ஆர்ம்.

நாங்கள் படித்த காலத்தில் சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்தில் கார் பந்தயம் நடக்கும். பஸ் பிடித்துப் போய், வெயிலில் நின்று பார்ப்போம். அந்தப் பைத்தியம் என்னை விடவில்லை. 2009-இல் பழைய பி.எம்.டபிள்யூ. எம்3 ஒன்று வாங்கினேன். ஈ36 என்ற மாடல். நூர்பர்க்ரிங் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். 1927-இல் திறந்த தடம். அதன் வடக்குச் சுற்று மட்டும் 20.8 கிலோமீட்டர். அங்கே குறிப்பிட்ட நாட்களில், பதிவு செய்த வண்டியும் லைசென்சும் உள்ள யாரும் கட்டணம் கட்டி ஓட்டலாம். நானும் ஓட்டினேன்.

ஈ36-இன் பின்பக்க அமைப்பைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பின் சக்கரத்துக்கும் நீளவாக்கில் ஒரு டிரெய்லிங் ஆர்ம், குறுக்கே மேலும் கீழுமாக இரண்டு ஆர்ம்கள். இந்த இரண்டில் ஓர் ஆர்மின் மேல்தான் ஸ்பிரிங் உட்கார்ந்திருக்கிறது. ஷாக் அப்சார்பர் தனியே டிரெய்லிங் ஆர்மில் இருக்கிறது. ஸ்பிரிங் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கதையே அதில்தான் இருக்கிறது.

சக்கரத்தின் மேல்முனை உள்ளே சாய்ந்திருந்தால் அது நெகடிவ் கேம்பர். வளைவில் வண்டி சாயும்போது வெளிப்பக்க டயர் தன் வெளி ஓரத்தில் ஏறி நிற்கப் பார்க்கும். முன்கூட்டியே உள்ளே சாய்த்து வைத்தால், அந்த நேரத்தில் டயர் முழுதாகத் தரையில் படியும். ஆனால் ஈ36-ஐத் தாழ்த்தினால் பின்னால் கேம்பர் வேண்டியதற்கு மேலேயே வந்துவிடும். கம்பெனி கொடுத்த எக்சென்ட்ரிக் போல்ட்டால் திருப்பிக் கொண்டுவர முடியாது. அதனால் நீளத்தை மாற்றக்கூடிய ஆர்ம் தேடினேன்.

கிடைத்தது. ஒரு சிறிய நிறுவனத்தின் தயாரிப்பு. பெயர் வேண்டாம், தவறில் பாதி என்னுடையது. அலுமினியக் குழாய், நீல அனோடைசிங், இரு முனையிலும் ராட் எண்ட், செக் நட். ஒரிஜினலைவிடப் பாதி எடை. பெட்டியைத் திறந்தபோது கல்யாணப் பெண்ணின் நகை மாதிரி பளபளவென்று இருந்தது. ஜெர்மன் சட்டப்படி இப்படிப்பட்ட பாகத்துக்குச் சோதனைச் சான்று வேண்டும். இல்லையென்றால் வண்டியின் சாலை அனுமதியே செல்லாமல் போய்விடும். இதற்குச் சான்று இல்லை. எனக்கு அது தெரியும். தெரிந்தே மாட்டினேன். "காகிதத்துக்கு என்ன, நான் மெக்கானிகல் என்ஜினியர்" என்ற திமிர்.

2014 கோடை. பக்கத்து சீட்டில் என் மகன், அப்போது பத்தொன்பது வயது. ஃபுக்ஸ்ரோரே என்று ஓர் இடம். மேலிருந்து நேராகப் பள்ளத்தில் இறங்கி, அடியில் வண்டி அப்படியே அமுங்கி, உடனே மேட்டில் ஏறும். அதைத் தாண்டியதும் மகன், "அப்பா, பின்னாடி ஏதோ டக்குன்னு கேக்குது" என்றான். "கல்லா இருக்கும்டா" என்றேன். கொஞ்ச தூரத்தில் மறுபடி, "இல்லப்பா, கல்லு இல்ல" என்றான். வேகத்தைக் குறைத்து ஓரமாகவே ஓட்டி வெளியே வந்தேன்.

ஜாக்கி போட்டுப் பார்த்தால், செக் நட் விரலாலேயே சுற்றுகிறது. விடுதியில் என்னை "மரை கழண்டவன்" என்று கூப்பிடுவார்கள்; இங்கே அது நிஜமாகவே கழண்டிருந்தது. வண்டியை ட்ரெய்லரில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ராட் எண்டைக் கழற்றத் திருகியதும் கையோடு இரண்டாக வந்துவிட்டது. முறிந்த முகத்தில் பாதிக்கு மேல் கறுத்து, அலை அலையாக வரிகள். மீதி புது உலோகமாய் மின்னியது. கறுத்த பகுதி பல வாரங்களாக வளர்ந்த விரிசல். மின்னிய பகுதிதான் என்னையும் என் பிள்ளையையும் தாங்கி வந்திருக்கிறது.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மூன்றாம் ஆண்டில் எங்கள் மெட்டீரியல்ஸ் ஆசிரியர் இதே வரிகளை லேபில் காட்டி, "விரிசல் மரையின் அடியிலதான் பொறக்கும், எழுதிக்கோ" என்றார். எழுதினேன். பரீட்சையிலும் எழுதி மார்க் வாங்கினேன். ஆர்ம் வாங்கும்போது மட்டும் ஞாபகம் வரவில்லை.

மறுநாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். தம்பிகளா, நீங்களும் போட்டுப் பாருங்கள். ஸ்பிரிங் விசை 6000 நியூட்டன், ஆர்மின் நடுவில் என்று வைத்துக்கொள்வோம். முனைக்கு 3000. ராட் எண்டின் தண்டு செக் நட்டுக்கு வெளியே பந்தின் மையம் வரை 30 மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கிறது. ஆக, பெண்டிங் மொமென்ட் 90 நியூட்டன் மீட்டர். எம்16 மரையின் அடி விட்டம் ஏறத்தாழ 13.5 மில்லிமீட்டர். ஸ்ட்ரெஸ் சுமார் 370 மெகா பாஸ்கல் வருகிறது. இது நிற்கிற வண்டிக்கு ஒட்டிய கணக்குதான். மரையின் கூர்மையால் கூடும் ஸ்ட்ரெஸ்ஸைச் சேர்க்கவில்லை. பள்ளத்தில் அமுங்கும் சுமையைச் சேர்க்கவில்லை. ஒவ்வொரு மேடு பள்ளத்திலும் ஏறி இறங்கும் ஃபெடீக்கையும் சேர்க்கவில்லை.

ராட் எண்ட் கெட்ட பொருள் அல்ல. இழுப்பும் தள்ளலும் மட்டும் வரும் இடத்தில் அது அருமையாக உழைக்கும். வளைக்கும் சுமை வரும் இடத்தில் வைப்பதுதான் தவறு. அதே காரின் மற்றொரு குறுக்கு ஆர்மில் ஸ்பிரிங் இல்லை. அங்கே அதே ராட் எண்ட் நன்றாகவே வேலை செய்யும். 1978-இல் 'டியூன் டு வின்' எழுதிய கேரல் ஸ்மித் போன்றவர்கள் தொண்டை வறளச் சொன்ன பாடம் இது. கோவை கரி தடத்தில் நடக்கும் ஃபார்முலா பாரத் போட்டிக்கு வண்டி கட்டும் பிள்ளைகள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். டிசைன் நடுவர் குனிந்து பார்த்தால் முதலில் தேடுவது இதைத்தான்.

சரி, அப்படியானால் எப்படித் தேர்ந்தெடுப்பது? நான் பட்டுத் தெரிந்துகொண்ட நான்கு கேள்விகள்.

முதலாவது, ஆர்ம் வேண்டுமா? தடத்திலிருந்து வந்த உடனே டயரின் உள் ஓரம், நடு, வெளி ஓரம் மூன்றிலும் ஊசி வெப்பமானி குத்திப் பாருங்கள். வெளி ஓரம் மட்டும் கொதித்தால் நெகடிவ் கேம்பர் போதவில்லை. உள் ஓரம் கொதித்தால் அதிகம். வித்தியாசம் சிறிதென்றால், இருக்கிற அட்ஜஸ்ட்மென்ட்டிலேயே சரிசெய்துவிடலாம். காசு மிச்சம்.

இரண்டாவது, இந்த ஆர்ம் என்ன சுமை தாங்குகிறது? ஸ்பிரிங் அதன்மேல் இருந்தால், முனையில் மரைத் தண்டு நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. பேரிங்கை ஆர்மின் உடம்பிலேயே அழுத்திப் பொருத்தியிருக்க வேண்டும். ஸ்பிரிங்கையே ஷாக்குக்கு மாற்றிவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். மாற்றலாம். ஆனால் அந்தச் சுமை அதற்கென்று கட்டாத பாடி மவுன்ட்டுக்குப் போகும்; அங்கே பலப்படுத்தாமல் செய்யக் கூடாது.

மூன்றாவது, என்ன உலோகம், என்ன மூட்டு? ஸ்டீலுக்கு ஃபெடீக் எல்லை ஒன்று உண்டு. அதற்குக் கீழே வைத்தால் நெடுங்காலம் உழைக்கும். அலுமினியத்துக்கு அப்படி ஓர் எல்லை இல்லை. அதற்கு ஆயுள் எண்ணி, கழற்றி வைக்க வேண்டும். கம்பெனி ஸ்டீல் ஆர்ம் அடிபட்டால் பெரும்பாலும் முதலில் வளைந்து நமக்குச் சேதி சொல்லும். ரப்பர் புஷ் சத்தமில்லாமல் இருக்கும், சுமையில் கொஞ்சம் நெளியும். பாலியூரிதேன் கெட்டி, ஆனால் பல திசையில் திரும்ப வேண்டிய மூட்டில் இறுகிப் பிடிக்கும். ஸ்ஃபெரிகல் பேரிங் துல்லியம். தூசி பட்டால் சீக்கிரம் தேயும், ரப்பர் உறை அவசியம்.

நான்காவது, இது முறிந்தால் என்ன ஆகும், முறிவதற்கு முன் எனக்கு எப்படித் தெரியும்? செக் நட்டில் பெயிண்டால் ஒரு கோடு போடுங்கள். கோடு விலகினால் நட் நகர்ந்திருக்கிறது. தடத்துக்குப் போய்வந்த ஒவ்வொரு நாளும் பாருங்கள். ஆர்ம் நீளத்தை மாற்றினால் டோவும் மாறும். ஓட்டுநர் எடையை வண்டியில் வைத்து அலைன்மென்ட்டை மறுபடி பாருங்கள். விற்பவரிடம் சோதனைச் சான்று கேளுங்கள். அவர் சிரித்தால் கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள்.

இப்போது என் வண்டியில், பேரிங் அழுத்திப் பொருத்திய ஸ்டீல் ஆர்ம், சான்றோடு. எடை கூடுதல், நிறம் கறுப்பு, பார்க்க ஒன்றுமே இல்லை. என் சுற்று நேரத்தில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

முறிந்த அந்தத் துண்டை இன்று கொண்டுவந்திருக்கிறேன். எங்கள் ஆசிரியர் இன்று நம்மிடையே இல்லை. அவர் மாதிரிகள் வைத்திருந்த அதே லேப் அலமாரியில் இதையும் வைக்க, துறைத் தலைவர் அவர்களிடம் ஒப்படைக்கிறேன். மாணவச் செல்வங்களே, ஒருமுறை கையில் எடுத்து, அந்த வரிகளை எண்ணிப் பாருங்கள். அன்று என் மகன் இரண்டாம் முறையும் சொல்லாமல் இருந்திருந்தால், இந்தத் துண்டைக் கொண்டுவர ஆள் இருந்திருக்காது.