பானை வனைந்தவர்கள் எந்தத் தரப்பு?



‘கலையும் சமாதானமும்’ என்று தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். வன்முறை நடந்த மண்ணில் கலையால் என்ன செய்ய முடியும் என்று கேட்டால், உடனே ருவாண்டாவைச் சொல்வார்கள். நானும் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

1994-இல் ஏறத்தாழ நூறு நாட்களில் அங்கே சுமார் 8 லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் துட்சிகள், கொலையை எதிர்த்த ஹுட்டுகளும் உண்டு. பத்து ஆண்டு கழித்து, 2004-இல், ஒடீல் காடெசெ என்ற நாடகக் கலைஞர் புட்டாரே நகரில் ‘இங்கோமா ன்ஷ்யா’ என்ற பெண்கள் மேளக்குழுவைத் தொடங்கினார். ‘இங்கோமா’ என்றால் மேளம். அரசாட்சி என்றும் பொருள். ஆகவே பெண்கள் அதைத் தொடக் கூடாது. பறையைத் தூக்கிய நம் பெண்களிடம் இதை விளக்க வேண்டியதில்லை. அந்த விலக்கை மீறித்தான் கணவனை இழந்தவரும், கொன்றவனின் வீட்டிலிருந்து வந்தவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று அடித்தார்கள். சேர்ந்து தாளம் பிடிக்க, அடுத்தவள் கையைப் பார்த்தே ஆக வேண்டும். பேச்சு பிறகு வரும். இந்தக் குழுவை நான் மதிக்கிறேன்.

ஆனால் இந்தக் கதையை எங்கே படித்தாலும் அதில் இரண்டே தரப்பு: ஹுட்டு, துட்சி. மூன்றாவதாக ஒரு மக்கள் இருக்கிறார்கள், ட்வா. நூற்றில் ஒருவருக்கும் குறைவு. காட்டில் வாழ்ந்தவர்கள், மண்பாண்டம் செய்தவர்கள். மன்னர் காலத்தில் அரண்மனையில் ஆடிப் பாடியவர்களிலும் அவர்கள் உண்டு. அவர்கள் வனைந்த பானையை வாங்கிச் சமைத்தவர்கள், அவர்கள் வாய் வைத்த குவளையில் குடிக்கமாட்டார்கள். சேர்ந்து உண்பதில்லை, பெண் கொடுப்பதில்லை. இரட்டைக் குவளை நம் ஊர்ச் சரக்கு மட்டும்தான் என்று நான் நினைத்திருந்தேன்.

1994-இல் ட்வாக்களும் செத்தார்கள். மூன்றில் ஒருவர் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. ஆனால் சமாதானம் பேசும்போது அவர்கள் தரப்பே இல்லை. நம் ஊரில் கோட்டாட்சியர் நடத்தும் சமாதானக் கூட்டத்தில் நம்மையும் ஒரு பக்கம் உட்கார வைத்து, வழக்கை வாபஸ் வாங்கச் சொல்வார்கள். அந்த நாற்காலிகூட ட்வாக்களுக்கு இல்லை. ஆட்டம் என்றால் மட்டும் அவர்கள் நினைவுக்கு வருவார்கள்.

இனப் பெயரைப் பொதுவெளியில் பேசுவதை ருவாண்டா அரசு பிரிவினையாகப் பார்க்கிறது. அடையாள அட்டையில் இனம் பார்த்துக் கொன்ற நாடு. அந்த அச்சம் எனக்குப் புரிகிறது. விளைவைப் பாருங்கள். ட்வாக்களின் அமைப்பு ஒன்று ‘ருவாண்டா பூர்வகுடிகள் சமூகம்’ என்ற பெயரில் இயங்கியது. ‘பூர்வகுடி’ என்ற சொல்லோடு பதிவு கிடைக்காது என்றானதும், 2007-இல் ‘ருவாண்டா குயவர் சமூகம்’ என்று மாற்றிக்கொண்டார்கள். மக்கள் என்ற பெயருக்குத் தடை, தொழில் பெயருக்கு அனுமதி! அதற்குள் காடு தேசியப் பூங்காவாகியிருந்தது. களிமண் எடுத்த சதுப்பு நிலமும் பல இடங்களில் கைவிட்டுப் போயிருந்தது. பிளாஸ்டிக் குடம் வேறு சந்தைக்கு வந்துவிட்டது.

அடுத்து மேடையேறப் போகும் பறைக்குழுத் தோழர்களிடம் ஒரு வேண்டுகோள். கலவரம் நடந்த ஊரில் சமத்துவப் பொங்கல் என்று உங்களை அடிக்கக் கூப்பிட்டால், தேதியைக் குறித்துக்கொள்ளும் முன், அந்த ஊர் வழக்கு எந்த நிலையில் இருக்கிறது, எரிந்த வீடுகளுக்கு இழப்பீடு வந்ததா என்று கேளுங்கள். பதிலைக் கேட்டுவிட்டுப் பறையைக் காய்ச்சலாம்.